வேலூரில் ஒரு கண்டி மகால்

அன்புள்ள சேர்,

ஆகஸ்ட் பள்ளி விடுமுறைக்குக் குடும்பமாக இந்தியா போகிறோம். நான், கணவர், மாமி, பதினான்கு வயது மகன். பத்து நாள். வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்து அரண்மனையும் கோட்டையுமாகப் பார்த்துவர வேண்டும் என்பது என் கனநாள் ஆசை. ஜெய்ப்பூர், ஜோத்பூர், உதய்ப்பூர், சித்தோர்கர் என்று ராஜஸ்தானுக்குப் பட்டியலும் போட்டுவிட்டேன். மாமிக்குக் கோயில் வேண்டும். மகனோ, “கோட்டை பார்க்க ஏன் இந்தியாவுக்குப் போகவேணும்? நடந்து போற தூரத்தில ஒன்று இருக்குதே, அதில மானைத் தவிர வேற என்ன இருக்கு?” என்கிறான். நீங்கள் இரண்டு பக்கமும் சுற்றி வந்தவர். யார் சொல்வது சரி?

ஒரு வாசகி, திருகோணமலை

அன்புள்ள தங்கச்சி,

முதலில் ராஜஸ்தான். நானும் போனேன். நாலு நண்பர்கள், ஒரு கார், ஒன்பது நாள். ஜோத்பூரின் மெஹ்ரான்கர் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. யானை முட்டித் திறக்காதபடி கதவில் இரும்பு முள் அடித்திருக்கிறார்கள். அது போதாதென்று, யானை ஓடிவந்து வேகம் பிடிக்க முடியாதபடி வாசலுக்கு முன்னாலேயே பாதையைத் திருப்பி விட்டிருக்கிறார்கள். லோகா போல் என்ற வாசலின் பக்கச் சுவரில் சின்னச் சின்னக் கைத்தடங்கள் இருக்கின்றன. 1843இல் மகாராஜா மான்சிங் இறந்தபோது சிதையேறப் போன பெண்கள் பதித்தவை. அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது எங்களில் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை.

அதே நாங்கள்தான் ஆறாம் நாள் கும்பல்கரில், மதில் 36 கிலோமீற்றர் என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாப்பாட்டுக் கடை எந்தப் பக்கம் என்று கேட்டோம். கண்ணாடி மண்டபத்தைப் பார்த்தது ஆமேரிலா உதய்ப்பூரிலா என்று இன்றைக்கும் எங்களுக்குள் வாக்குவாதம். பத்து நாளில் நாலு ஊர் என்றால் பாதிப் பொழுது வானுக்குள்தான் கழியும். மாமியை வைத்துக்கொண்டு அது வேண்டாம்.

காங்கேசன்துறை - நாகப்பட்டினம் கப்பல் ஓடினால் அதில் போங்கள். இறங்கிக் கரையோரமாக வடக்கே போனால், காரைக்காலைத் தாண்டியதும் தரங்கம்பாடி. அங்கே கடலைப் பார்த்தபடி டென்மார்க்காரர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை. சின்னக் கோட்டைதான், ஒரு மணி நேரம் போதும். ஆனால் அது நம் ஊருக்கு வந்திருக்க வேண்டிய கோட்டை. போர்த்துக்கேயரை விரட்டக் கண்டி ராசாவுக்கு உதவி வேண்டுமாம் என்ற பேச்சை நம்பித்தான் 1618இல் டென்மார்க் கப்பல்கள் புறப்பட்டன. தளபதி ஓவே கெட்டே இங்கே வந்து சேர 1620 ஆகிவிட்டது. அதற்குள் செனரத் ராசா போர்த்துக்கேயரோடு சமாதானம் செய்துகொண்டிருந்தான். திருகோணமலையில் கோட்டை வேலையைத் தொடங்கியும் பார்த்தார்கள், சரிவரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு உடன்பாடு செய்துகொண்டு தரங்கம்பாடியில் கட்டினார்கள். நாலைந்து வருடத்துக்குள் போர்த்துக்கேயர் நம் ஊர்க் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையே எடுத்து இங்கே கோட்டை கட்டினார்கள். டென்மார்க்காரர் நிலைத்திருந்தால் கோயில் தப்பியிருக்குமா என்று அந்தக் கடற்கரையில் நின்று யோசித்தேன். தப்பியிருக்காது என்றுதான் படுகிறது. யார் கட்டியிருந்தாலும் கல் வேண்டுமே. தரங்கம்பாடியிலேயே பழைய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோயிருக்கிறது. மாமியை அங்கேயும் கூட்டிப்போங்கள். வழியில் சிதம்பரமும் வருகிறது, அவருக்குக் குறை இராது.

அப்புறம் செஞ்சிக் கோட்டை. வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும். மாமி கீழே கல்யாண மகால் பக்கம் நிழலில் இருக்கட்டும், மகனை ராஜகிரி மலைக்கு ஏற்றுங்கள். ஏறக்குறைய 800 அடி. உச்சிக்குக் கிட்ட மலை பிளந்து கிடக்கிறது, ஒரு சின்னப் பாலத்தால் கடக்க வேண்டும். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவனை ஒன்றும் செய்ய முடியாது. ஔரங்கசீப்பின் படை இந்த மலையடியில் ஏழெட்டு வருடம் கிடந்து 1698இல்தான் கோட்டையைப் பிடித்தது. அவ்வளவு காலமும் மேலே இருந்தவர்கள் எதைக் குடித்தார்கள் என்று மகனைக் கேளுங்கள். சுனையையும் களஞ்சியத்தையும் அவனே தேடிக் கண்டுபிடிப்பான். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். இந்தியத் தொல்லியல் துறை பார்க்கிற இடங்களில் இலங்கை உட்பட்ட சார்க் நாட்டவருக்கு இந்தியர்களுக்குரிய கட்டணம்தான். நான் அது தெரியாமல் முதல் தடவை வெள்ளைக்காரர் வரிசையில் நின்று காசு கட்டியவன்.

அங்கிருந்து வேலூர். அகழியில் தண்ணீர் நிற்கிற கோட்டை. 1799இல் திப்பு இறந்தபின் அவர் குடும்பத்தை இங்கேதான் காவலில் வைத்தார்கள். 1806 ஜூலை 10 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். பத்து வருடம் கழித்து வந்தவன் நம் தீவின் கடைசி அரசன். நாயக்க வம்சத்தில் கண்ணுச்சாமியாகப் பிறந்து, ஸ்ரீ விக்கிரம ராசசிங்கனாகக் கண்டியை ஆண்டு, 1815இல் பிடிபட்டு, 1816இல் குடும்பத்தோடு கப்பலேற்றப்பட்டு வந்தான். 1832இல் வேலூரிலேயே இறந்தான். கோட்டைக்குள் ஒரு கட்டடத்துக்கு இன்றும் கண்டி மகால் என்றுதான் பெயர். பாலாற்றங்கரைப் பக்கம் அவன் சமாதி, முத்துமண்டபம் என்று கேட்டால் ஓட்டோக்காரருக்குத் தெரியும். நான் போன பின்னேரம் அங்கே என்னைத் தவிர ஒரு ஆடு மட்டும் நின்றது.

அதே கோட்டைக்குள்தான் ஜலகண்டேசுவரர் கோயில். கலியாண மண்டபத் தூண்களைப் பார்க்கவே ஒரு காலை வேண்டும். ஆனால் நெடுங்காலம் அந்தக் கோயிலுக்குள் மூலவர் இல்லை. 1981இல்தான் லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துப் பூசை தொடங்கினார்கள். இதை அங்கே ஒருவர் சொன்னபோது நான், எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றேன். 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து விக்கிரகங்கள் வந்ததையும், 1963இல் கோணேசருக்குக் கும்பாபிஷேகம் நடந்ததையும் சொன்னேன். அந்தக் கோயிலும் கோட்டைக்குள்ளா என்று கேட்டார். ஆம் என்றேன். அதுவரை நான் அதைக் கோட்டைக்குள் இருக்கிற கோயில் என்று நினைத்ததே இல்லை. கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு வாசல், ஆமிக்காரர், மான் என்றுதான் நினைப்பு. அறுபது வயதில் வேலூருக்குப் போய்த்தான் நம் ஊர்ப் பிரெட்ரிக் கோட்டையைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

ஆகவே மகன் சொல்வதில் பாதி சரி. புறப்படுவதற்கு முன் ஒரு பின்னேரம் அவனைக் கூட்டிக்கொண்டு அந்த வாசலில் நில்லுங்கள். உள்ளே ஓடிவிட வேண்டாம். நிலைக்கல்லில் மீன் உருவமும் தேய்ந்த தமிழ் எழுத்தும் இருக்கின்றன. கோணேசருக்குக் குளக்கோட்டன் ராசா செய்த திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், அழிப்பான் என்று நாம் சின்ன வயதில் கேட்ட பாட்டுத்தான் அது. பறங்கியின் கோட்டை வாசலிலேயே நிற்கிறது. மகன் எத்தனை எழுத்துக் கூட்டி வாசித்தான் என்று எனக்கு எழுதுங்கள்.

பிற்குறிப்பு: நாள் மிஞ்சி, பத்மநாபபுரம் அரண்மனை வரை போவதென்றால் திங்கட்கிழமை போகாதீர்கள், அன்று பூட்டு. நான் போய்க் கதவைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உதயகிரிக் கோட்டையில் டி லனோயின் கல்லறையைப் பார்த்துத் திரும்பினேன். 1741இல் குளச்சலில் பிடிபட்டு, பிடித்த மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியான ஒல்லாந்தக் கம்பனி அதிகாரி அவர். திங்கட்கிழமையிலும் ஒரு இலாபம்.