சர்ச்சஸ் குழுவின் முதல் ஆல்பம் நிஜமாகவே நல்லதா, இல்லை எண்பதுகளின் நகலா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: நண்பர் சொன்னார் என்று ஸ்காட்லாந்தின் சர்ச்சஸ் குழு போட்ட முதல் ஆல்பத்தைக் கேட்டீர்கள். ஒரு சாரார் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள், இன்னொரு சாரார் எண்பதுகளின் கீபோர்டு சத்தத்தைத் தூசி தட்டி விற்கிறார்கள் என்கிறார்கள். உங்களுக்கோ இரண்டு பாட்டுக்கு மேல் ஓடவில்லை. யாரை நம்புவது?

யாரையும் நம்ப வேண்டாம், இன்னொரு தடவை கேளுங்கள். நீங்கள் அதை போன் ஸ்பீக்கரில், வேறு ஏதோ வேலை பார்த்துக்கொண்டே கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். அதனால் ஒரு பெண்ணிடம் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இசை விமர்சகர் இல்லை. சின்ன வயதில் நாலு வருஷம் வீணை கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். "தமிழில் இல்லாத பாட்டா, வெள்ளைக்காரன் பாட்டுக்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா" என்று யாராவது கீழே எழுதுவார்கள். அவர்களுக்கும் இப்போதே சொல்கிறேன்: தமிழ்ப் பாட்டு கேட்டு வளர்ந்த காதால்தான் இதையும் கேட்டேன். எண்பதுகளிலிருந்தே நம் சினிமாப் பாட்டில் சிந்தசைசர் என்கிற மின்னணு கீபோர்டு ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. அது நமக்கு அந்நியமான சத்தம் இல்லை.

2013 செப்டம்பரில் முதுகலை படிக்க ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்குப் போனேன். ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகம். அந்த வளாகத்தில் ராட்டன்ரோ என்று ஒரு தோட்டம் உண்டு. முன்பு பிரசவ ஆஸ்பத்திரி இருந்த இடம், அதன் நினைவாக ஆள் உயரத்தைத் தாண்டிய ஓர் ஊக்கைச் சிலையாக நட்டு வைத்திருக்கிறார்கள். முதல் வாரம் அந்த ஊக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அம்மாவோடு போனில் பேசுவேன். தங்கியது டெனிஸ்டவுனில், சிவப்புக் கல் கட்டிய பழைய அடுக்கு வீடு ஒன்றில், மூன்றாவது மாடி. நான் பாளையங்கோட்டை. என்னோடு அறையில் இருந்த பெண் நாகர்கோவில். என்னைவிட இரண்டு வயது சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

அதே மாதம்தான் சர்ச்சஸின் 'தி போன்ஸ் ஆஃப் வாட் யூ பிலீவ்' வெளிவந்தது. ஊர் முழுக்க அதே பேச்சு. கிளாஸ்கோ பிள்ளைகள், கிளாஸ்கோவிலேயே ஒரு நிலவறை ஸ்டூடியோவில் தாங்களே பதிவு செய்து தயாரித்த ஆல்பம். மூன்றே பேர். பாடுகிற லாரன் மேபெரி எங்கள் பல்கலைக்கழகத்தில் சட்டமும், பிறகு பத்திரிகைத் துறையில் முதுகலையும் படித்தவர் என்பதில் எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை. சிந்தசைசர் வாசிக்கிற இயன் குக், மார்ட்டின் டோஹர்ட்டி இரண்டு பேரும் அதற்கு முன்பு வருஷக்கணக்கில் கிட்டார் குழுக்களில் வாசித்தவர்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது பெயரில் 'யு' வர வேண்டிய இடத்தில் 'வி' போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் இணையத்தில் தேடுகிறவர்களுக்கு ஊரிலுள்ள தேவாலயம் எல்லாம் வந்து நிற்குமே.

அறைத்தோழி முதல் வாரச் சம்பளத்தில் அந்த சிடியை வாங்கி வந்தாள். நான் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். லேப்டாப்பில் போட்டாள். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம், பஸ் சத்தம், கரண்டிச் சத்தம், அதற்கு நடுவே பாட்டு. மூணாவது பாட்டு முடிவதற்குள் நான் தீர்ப்பு சொல்லிவிட்டேன்: "பழைய கீபோர்டு சத்தம் மாதிரில்லா இருக்கு. இதுக்குப் போயி காசைச் செலவழிச்சியே?" அவள் ஒன்றும் பேசாமல் லேப்டாப்பை மூடிவிட்டாள்.

அவள் பாடுவாள். நன்றாகவே பாடுவாள். ஊரில் கல்லூரியில் படிக்கும்போதே சினிமாப் பாட்டுகளைத் தம்பூரா ஆப் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பாடி யூடியூபில் போட்டுவந்தாள். கிளாஸ்கோ வந்த மூன்றாவது வாரம், சமையலறை ஜன்னலோரம் நின்று பாடி ஒன்று போட்டாள். அதற்கு வந்த கமெண்டுகளை அப்படியே எழுத எனக்குக் கை வரவில்லை. பாட்டைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை. நிறத்தைப் பற்றி, பல்லைப் பற்றி, போட்டிருந்த சட்டையைப் பற்றி. "குரல் மட்டும் போதும், மூஞ்சி வேண்டாம்" என்றது அதில் மரியாதையான கமெண்ட். அவள் போனை என்னிடம் நீட்டினாள். நான் பார்த்துவிட்டு, "ஏட்டி, இதையெல்லாம் எதுக்கு வாசிச்சுக்கிட்டு இருக்க? விட்டுத் தள்ளு" என்றேன். மறுநாள் சாயங்காலம் அவள் சேனலையே அழித்துவிட்டாள். நாற்பது, ஐம்பது பாட்டு இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 30, கார்டியன் பத்திரிகையில் லாரன் மேபெரி எழுதிய கட்டுரை வந்தது. ஆல்பம் வெளிவந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஊரே பாராட்டிக்கொண்டிருந்த நேரம். குழுவின் இணையப் பக்கத்துக்கு வருகிற செய்திகளை அவரே உட்கார்ந்து படிப்பார். அதில் அவருக்கு வந்த அசிங்கங்களைப் பற்றித்தான் கட்டுரை. இணையம் என்றால் அப்படித்தான் இருக்கும், பொதுவெளிக்கு வந்த பெண் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியாது என்பது அதன் சாரம். தோழி அதை எனக்கு வாசித்துக் காட்டினாள், ஹீட்டருக்குப் பக்கத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, ஆங்கிலத்தில் ஒரு பத்தி, தமிழில் ஒரு பத்தி என்று. முடித்துவிட்டு, "ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதாக்கா?" என்றாள்.

விட்டுத் தள்ளு என்று நான் சொன்னதைத்தான் அந்தக் கட்டுரை கேள்வி கேட்டது. எனக்கு அது உறைத்தது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னேன் என்று இப்போதும் வாதாடலாம். ஆனால் அவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? அவள் வாங்கி வந்த பாட்டையும் பாதியில் தள்ளினேன், அவள் பாட்டுக்கு வந்த காயத்தையும் தள்ளிவிடச் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சிடியை என் போனில் ஏற்றிக்கொண்டு, நல்ல ஹெட்போனை அவளிடமே கடன் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். கிளாஸ்கோவில் சுரங்க ரயில் ஒரே வட்டம், 15 நிலையம். ஒரு சுற்றுக்கு 24 நிமிடம். ஆல்பம் ஏறக்குறைய 48 நிமிடம். கணக்குப் பார்த்துத்தான் போனேன், இரண்டு சுற்று. பியூகேனன் ஸ்ட்ரீட் நிலையத்தில், கடிகார முள் திசையில் சுற்றுகிற வெளிவட்ட ரயிலில் ஏறி, கதவு மூடியதும் முதல் பாட்டைப் போட்டேன்.

'தி மதர் வி ஷேர்' எப்படித் தொடங்குகிறது என்று கவனியுங்கள். அங்கே முதலில் வருவது வார்த்தை இல்லை. மனிதக் குரலைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, சுருதி மாற்றி, தாளமாக அடுக்கியிருக்கிறார்கள். குரல் அங்கே வாத்தியமாகிவிடுகிறது. பிறகுதான் முழுக் குரல் வருகிறது, ரொம்பத் தெளிவாக, அலங்காரம் இல்லாமல். லேப்டாப் ஸ்பீக்கரில் இந்த நறுக்கலெல்லாம் ஒரு கீச்சொலியாகத்தான் கேட்டது. கீழே ஓடுகிற பேஸ், அதாவது தாழ்ந்த ஸ்வர ஒலி, சுத்தமாகக் காதில் விழவே இல்லை. சிந்த்-பாப்பில், அதாவது சிந்தசைசரை வைத்துக் கட்டுகிற இந்த மாதிரிப் பாட்டில், பேஸ் போனால் பாதிப் பாட்டு போய்விட்டது என்று அர்த்தம். மிருதங்கத்தில் மேல் ஒலி தருகிற வலப்பக்கத்தை, வலந்தலையை, மட்டும் கேட்டுவிட்டு வித்வானை எடை போடுவது மாதிரி.

நாலாவது பாட்டு 'டெதர்'. தொடக்கத்திலிருந்து பாதியைத் தாண்டும் வரை அது ஒரு தாலாட்டு வேகத்தில்தான் போகும், கிட்டத்தட்டக் குரல் மட்டும். ரயில் கோவன் நிலையத்தை விட்டுக் கிளம்பியிருந்தது. கோவனுக்கும் பார்ட்டிக்குக்கும் நடுவில் வண்டி கிளைட் ஆற்றுக்கு அடியில் போகும், அந்த இடத்தில் சுரங்கத்தின் இரைச்சல் கூடும். அங்கேதான் பாட்டு திறந்துகொண்டது. சிந்தசைசர் அலை அலையாக மேலே ஏறுகிறது, நின்று போய்விடும் என்று நினைக்கிற இடத்தில் இன்னொரு படி ஏறுகிறது. எதிரே உட்கார்ந்திருந்த பாட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கண் கலங்கியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நீங்கள் இரண்டு பாட்டோடு நிறுத்தியதாகச் சொன்னீர்களே, அதனால்தான் இந்த இடத்தை இவ்வளவு சொல்கிறேன். நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து இன்னும் இரண்டு பாட்டு தள்ளி இருக்கிறது அது.

எல்லாப் பாட்டும் அதே தரம் என்று சொல்லவில்லை. டோஹர்ட்டி பாடுகிற இரண்டு பாட்டு, ஆறாவதும் கடைசியும், என் காதுக்கு இன்றும் கொஞ்சம் தொய்வாகத்தான் இருக்கின்றன. மேபெரியின் குரல் போனதும் ஆல்பத்தின் வெளிச்சம் குறைகிறது. இதைச் சொன்னால் சண்டைக்கு வருகிற ரசிகர்கள் உண்டு, வரட்டும்.

நகல் என்கிற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். எண்பதுகளின் சாயல் இருக்கிறது, மறுக்கவில்லை. எண்பதுகளில் சிந்தசைசர் பாட்டால் பெயர் வாங்கிய டெபெஷ் மோட் குழு அந்த வருஷமே ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் போனபோது அவர்களுக்கு முன்னால் மேடையேறி வாசித்தவர்கள்தான் இவர்கள். ஆனால் ராகம் பழையது என்பதற்காக ஒருவர் பாடுகிற கல்யாணியை நகல் என்போமா? இன்னொன்று, பெரிய கம்பெனி ஊதிப் பெருக்கிய குழு என்றும் சொல்கிறார்கள். 2012 மே மாதம் 'லைஸ்' பாட்டை இவர்கள் இணையத்தில் இலவசமாகத்தான் விட்டார்கள். கேட்டவர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பரப்பினார்கள். அதற்குப் பிறகுதான் பிபிசியின் 2013க்கான புதுமுகப் பட்டியலில் ஐந்தாம் இடம், ஆல்பம் வந்தபோது பிரிட்டனில் 9ஆம் இடம், அமெரிக்காவில் 12ஆம் இடம். கேட்டவர்கள் கொடுத்த இடம் அது.

       

சுரங்க ரயிலிலிருந்து வீட்டுக்கு வந்து ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தேன். "டெதர் கேட்டேன்" என்றேன். "எந்த இடத்துல அக்கா?" என்றாள். "ஆத்துக்கு அடியில." அவள் சிரித்தாள். கமெண்ட் விஷயத்தில் நான் சொன்னது தப்பு என்று அன்றைக்கே சொன்னேன். "விடுங்கக்கா" என்றாள். நான் சொன்ன அதே வார்த்தை.

அவள் அதற்குப் பிறகு எதுவும் பாடிப் போடவில்லை. இப்போது நாகர்கோவிலில் இருக்கிறாள், வங்கி வேலை, இரண்டு பிள்ளைகள். என் பழைய போனில் ஒரு பதிவு இருக்கிறது, 40 விநாடி. டெனிஸ்டவுன் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே 'டெதர்' மெட்டை வார்த்தை இல்லாமல் முனகுகிறாள், குழாய்த் தண்ணீர்ச் சத்தம் கூடவே வருகிறது. அவளுக்குத் தெரியாமல் எடுத்து, அப்புறம் சொன்னேன். "உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். அதனால் அதை இதுவரை யாருக்கும் அனுப்பவில்லை, இங்கேயும் போடவில்லை.