கண்ணாடி அறைக்கு ஈரம் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் 30 செ.மீ. சதுரத்தில் ஒரு கண்ணாடி ஆர்பிசி (இரு தட்டுகளுக்கு இடையே வாயு ஓடவிட்டு, உயர் மின்னழுத்தம் கொடுத்துத் துகள்களைக் கண்டறியும் அறை) செய்திருக்கிறோம். 3 மி.மீ. கண்ணாடி, 2 மி.மீ. இடைவெளி, பிளஸ் 5, மைனஸ் 5 கிலோவோல்ட். முதல் வாரம் 60 நானோ ஆம்பியராக இருந்த கசிவு மின்னோட்டம் இப்போது 400-ஐத் தாண்டிவிட்டது. இரைச்சல் எண்ணிக்கையும் ஏறுகிறது. ப்ரீஆம்பை (சமிக்ஞையைப் பெருக்கும் முன்பெருக்கியை) இரண்டு முறை மாற்றியும் பயனில்லை. செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் சிஎம்எஸ் கருவியில் வாயுவோடு 40% ஈரப்பதம் சேர்க்கிறார்களாம். நாங்களும் வாயுவைத் தண்ணீர்க் குடுவை வழியே விடலாமா?

முதுகலை இயற்பியல் மாணவி, மதுரை

அன்புள்ள மாணவிக்கு,

வேண்டவே வேண்டாம்.

சிஎம்எஸ் ஆர்பிசிகளின் தட்டு பேக்கலைட் என்ற பிசின் பலகை. அது காய்ந்தால் மின்தடை ஏறி, அடுத்தடுத்து வரும் துகள்களைப் பிடிக்க முடியாமல் போகும். அதற்காகத்தான் அங்கே ஈரம். கண்ணாடிக்கு அந்தத் தேவையே இல்லை. இரண்டிலும் ஒரே கலவை ஓடுவதால் இந்தக் குழப்பம் வருகிறது: ஆர்-134ஏ (குளிர்பதன வாயு) 95.2%, ஐசோபியூட்டேன் 4.5%, சல்ஃபர் ஹெக்சாஃப்ளூரைடு 0.3%. உங்கள் ஊரிலேயே ஐஎன்ஓ (இந்திய நியூட்ரினோ ஆய்வகம்) குழு அமைத்த மினி-ஐகால் என்ற மாதிரிக் கருவியின் கண்ணாடி அறைகளுக்கும் இதே விகிதம்தான்.

ஆர்-134ஏ-வில் ஃப்ளூரின் இருக்கிறது. மின்வெளியேற்றத்தில் அது உடைந்து, நீராவி இருந்தால் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமாகிறது. அமிலம் கண்ணாடியை அரிக்கும். அரித்த இடம் எலெக்ட்ரானைத் தானாகவே உமிழும். மின்னோட்டம் ஏறும், இன்னும் அமிலம் பிறக்கும். ஜப்பானின் பெல்லெ என்ற துகள் இயற்பியல் ஆய்வில் பிளாஸ்டிக் குழாய்ச் சுவர் வழியாகவே நீராவி ஊடுருவி, கண்ணாடி ஆர்பிசிகளில் மின்னோட்டம் ஏறியது. குழாய்களைத் தாமிரத்துக்கு மாற்றினார்கள். நாள்பட நாள்பட ஏறும் உங்கள் மின்னோட்டமும் அதைத்தான் நினைவூட்டுகிறது.

ஆனால் ஊகத்தில் நிற்காமல் சோதித்துவிடுங்கள். முதலில் உயர் மின்னழுத்தத்தை அணைத்துவிட்டு எண்ணுங்கள். எண்ணிக்கை நிற்காவிட்டால் கோளாறு எலெக்ட்ரானிக்ஸில்: தரை இணைப்பையும், ஸ்ட்ரிப்பின் (சமிக்ஞையை எடுக்கும் உலோகப் பட்டையின்) மறுமுனையில் 50 ஓம் மின்தடை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நின்றுவிட்டால் ப்ரீஆம்பைத் தொடாதீர்கள், கோளாறு அறையில்தான்.

அடுத்து 500 வோல்ட் படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் மின்னோட்டம் அடங்கியபின் குறித்து ஒரு வரைபடம் போடுங்கள். குறைந்த மின்னழுத்தத்தில் வாயு கடத்தாது. அங்கே ஓடுவதெல்லாம் தட்டுகளை விலக்கிப் பிடிக்கும் இடைவெளிப் பொத்தான்கள், ஓரப் பசை, வெளிப்பரப்பு வழியாகத்தான். அந்தப் பகுதியின் சாய்வு கூடியிருந்தால் பொத்தானையும் ஓரத்தையும் சந்தேகியுங்கள். அது மாறாமல் மேல்பகுதி மட்டும் ஏறியிருந்தால் வாயுவோ கண்ணாடியின் உட்பரப்போ கெட்டிருக்கிறது.

கசிவுச் சோதனையில் பலர் ஏமாறுகிறார்கள். யு-குழாயில் 30 மி.மீ. நீர்மட்ட அழுத்தம் வைத்து அறையை மூடினால், அறை வெப்பம் 1 டிகிரி குறைந்தாலே ஏறத்தாழ 35 மி.மீ. இறங்கிவிடும். வளிமண்டல அழுத்தமும் பகலுக்குள் மாறும். இரண்டையும் கூடவே குறித்துக் கழிக்காமல் கசிகிறது என்று முடிவு கட்டாதீர்கள். அழுத்தத்தைக் கூட்டியும் பார்க்காதீர்கள். 50 மி.மீ. என்றால் உங்கள் சிறிய அறையையே நாலரை கிலோ எடை விரித்துத் தள்ளுகிறது. 2 மீட்டர் சதுர அறையில் அது 200 கிலோ. பசை விட்டு பொத்தான் பிரிந்தால் அந்த இடத்தில் இடைவெளி மாறி, மின்புலமும் மாறிவிடும்.

வெளியேறும் முனையிலுள்ள குமிழிக் குடுவையில் என்ன ஊற்றியிருக்கிறீர்கள்? தண்ணீர் என்றால் ஈரம் பின்னோக்கி அங்கிருந்தும் வரும். சிலிகான் எண்ணெய் ஊற்றுங்கள். ரப்பர், மென்பிளாஸ்டிக் குழாய்களைக் கழற்றித் தாமிரம் போடுங்கள்.

உங்கள் அறையின் வாயுக் கொள்ளளவு 180 மி.லி.தான். நிமிடத்துக்கு 10 மி.லி. விட்டால் 18 நிமிடத்தில் ஒரு கொள்ளளவு வாயு கடந்துபோகும். உயர் மின்னழுத்தம் இல்லாமல் இரண்டு நாள் உலர்ந்த கலவையை ஓடவிட்டு, அதே வரைபடத்தை மறுபடி போடுங்கள். மேல்பகுதி அப்போதும் இறங்காவிட்டால் கண்ணாடி அரித்துவிட்டது என்று வைத்துக்கொண்டு புதுத் தட்டுகளில் வேறு அறை கட்டுங்கள். குழாயை மட்டும் முதலிலேயே மாற்றிவிடுங்கள்.