டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில்: முதலில் மேல் பிளக்கைத் திறங்கள்

கேள்வி: பிறர் ஓட்டிய எஸ்.யூ.வி. ஒன்றை வாங்கி ஓட்டிவருகிறேன். லீவர் போட்டால் மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. 90,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. எஞ்சின் ஆயிலை நானே மாற்றிப் பழக்கம் உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை முந்தைய உரிமையாளர் மாற்றியதாகத் தெரியவில்லை. ஃபோர் வீலை ஆண்டுக்கு நாலைந்து முறைதான் போடுகிறேன். அதற்கும் ஆயில் மாற்ற வேண்டுமா? வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: மாற்ற வேண்டும், நீங்களே மாற்றலாம். கியர்பாக்ஸின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்கு அனுப்பும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். எஞ்சின் ஆயில் மாற்றிய கைக்கு இதில் புதிய வித்தை எதுவும் இல்லை. பெரும்பாலான வண்டிகளில் ஒன்று முதல் இரண்டு லிட்டர் ஆயில், இரண்டு பிளக்குகள், அவ்வளவுதான்.

ஃபோர் வீல் போடுவது அரிது என்ற சமாதானத்தை மட்டும் ஏற்க மாட்டேன். கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தி பின்சக்கரங்களுக்குப் போவதே டிரான்ஸ்ஃபர் கேஸ் வழியாகத்தான். டூ வீலில் ஓடும்போதும் உள்ளே ஷாஃப்ட்டும் பேரிங்குகளும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. நீங்கள் லீவரைத் தொடாமல் ஓட்டிய தூரமெல்லாம் அந்த ஆயில் உழைத்த தூரம்தான். போதாததற்கு, சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் கேஸ் பிரீதர் என்ற காற்றுக் குழாய் வழியாக மூச்சு விடுகிறது. உள்ளே போகும் காற்றோடு ஈரமும் போகிறது. மாற்றும் இடைவெளி பொதுவாக 50,000 முதல் 1,00,000 கிலோமீட்டர். பாரம் இழுக்கும் வண்டிக்கும் தண்ணீரில் இறங்கும் வண்டிக்கும் அதைவிடக் குறைவு. ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம் என்று சொல்லும் கையேடுகளும் உண்டு. யாருடைய ஆயுள் என்பதை அவை சொல்வதில்லை.

கடைக்குப் போகும் முன் கையேட்டில் ஆயிலின் பெயரைப் பாருங்கள். இந்த வேலையில் பணத்தை வீணடிக்கும் தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. செயின் உள்ள கேஸ்கள் பலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் ஏ.டி.எஃப். போதும். வேறு பலவற்றுக்கு 75 டபிள்யூ 90 போன்ற கியர் ஆயில் வேண்டும். உள்ளே கிளட்ச் தட்டுகளை வைத்துத் தானாகவே முன்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் வகைகளுக்குத் தனி ஆயில் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் ஆட்டோ டிராக் 2 அப்படிப்பட்டது, நிறமே நீலம். கிளட்ச் தட்டுக்கு எவ்வளவு வழுக்க வேண்டும், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை ஆயில்தான் தீர்மானிக்கிறது. அங்கே வேறு ஆயிலை ஊற்றினால் திருப்பங்களில் வண்டி உதறும், தட்டும் சீக்கிரம் தேயும். கியர் ஆயிலிலும் ஜி.எல். 4, ஜி.எல். 5 என்ற தர எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். ஜி.எல். 5இல் கந்தகம் கலந்த சேர்மானங்கள் அதிகம். கியர் உறுத்தாமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்கள் உள்ள கேஸ்களில் சில அதை விரும்புவதில்லை. எண் பெரிது என்பதால் ஆயிலும் மேலானது என்று வாங்கிவிட வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, சமதளத்தில் நிறுத்துங்கள். வெதுவெதுப்பான ஆயில் அடியில் படிந்ததையும் சேர்த்துக்கொண்டு வடியும். பக்கத்திலேயே ஓடும் சைலன்ஸர் குழாய் மட்டும் வெதுவெதுப்பாக இருக்காது, கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். உயரமான வண்டியாக இருந்தால் ஜாக்கியே போடாமல் அடியில் நுழைந்துவிடலாம். அதுதான் நல்லது, மட்டமும் மாறாது. தூக்கியே ஆக வேண்டும் என்றால் நான்கு பக்கமும் ஸ்டாண்டில் சமமாக நிற்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால், கியரில் போட்டிருந்தாலும் பார்க்கில் போட்டிருந்தாலும் வண்டி உருளும். கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான தொடர்பு அங்கே அறுந்துவிடுகிறது. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்றவற்றில் ஹேண்ட் பிரேக்கே டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பினால் அந்தப் பிடியும் போய்விடும். ஆகவே சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டுக் கீழே போங்கள்.

அடியில் கல் படாமல் காக்கும் தகடு இருந்தால் கழற்றுங்கள். கியர்பாக்ஸின் பின்னால் ஒட்டியிருக்கும் பெட்டியில், மேலும் கீழுமாக இரண்டு பிளக்குகள் தெரியும். மேலே இருப்பது ஊற்ற, கீழே இருப்பது வடிக்க. கியர்பாக்ஸின் பிளக்கை இது என்று நினைத்துத் திறந்தவர்கள் உண்டு. கையேட்டில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

மேல் பிளக்கை முதலில் திறக்க வேண்டும். எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். முதல்முறை செய்தபோது கீழ் பிளக்கைத் திறந்து ஆயிலை முழுவதும் வடித்துவிட்டேன். பிறகு பார்த்தால் மேல் பிளக் அசையவே இல்லை. அலென் கீ சுற்றிச் சுற்றி உள் மூலைகளைத் தின்றுவிட்டது. ஊற்ற வழியில்லாத காலிப் பெட்டியோடு வண்டி இரண்டு நாள் நின்றது. மேல் பிளக் திறக்க மறுத்தால், கீழ் பிளக்கைத் தொடாமல் வேலையை அத்தோடு நிறுத்திவிடுங்கள். பழைய ஆயிலோடு வண்டி ஓடும். துரு நீக்கும் திரவத்தை முந்தைய நாளே அடித்துவைப்பதும், பிளக்கின் பள்ளத்தில் உள்ள மண்ணைக் கம்பியால் சுரண்டிவிட்டுச் சாவியை முழு ஆழத்துக்கு இறக்குவதும் உதவும்.

வடிக்கும் ஆயிலை அளவு போட்ட பாத்திரத்தில் பிடியுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கையேட்டில் உள்ள அளவைவிடக் குறைவாக வந்தால் ஆயில் எங்கோ கசிந்திருக்கிறது. முன், பின் ஷாஃப்ட்டுகள் வெளிவரும் இடத்தில் சீல்களைத் துடைத்துப் பாருங்கள். அதிகமாக வந்தால் சந்தோஷப்படாதீர்கள். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் உள்ள சீல் தேய்ந்து, கியர்பாக்ஸ் ஆயில் இந்தப் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் உடனே பார்க்க வேண்டியது கியர்பாக்ஸின் ஆயில் மட்டம். பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான கேஸ் தண்ணீரில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது பிரீதர் குழாய் நீரை உறிஞ்சிவிடும். அந்தக் குழாயின் முனையைத் தேடிப் பிடியுங்கள். அது மண்ணால் அடைத்திருந்தாலும் தொல்லைதான், உள்ளே ஏறும் அழுத்தம் சீல்கள் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். பிளக்கில் காந்தம் இருந்தால் சாம்பல் நிறப் பசைபோல ஒட்டியிருக்கும் மென்தூள் இயல்பானது. சிலாம்பு, பல்லின் துணுக்கு என்று நகத்தில் உறுத்தும் அளவில் ஏதாவது இருந்தால் புது ஆயில் அதைக் குணப்படுத்தாது.

கீழ் பிளக்கைப் புது வாஷரோடு மாட்டுங்கள். வாஷர் இல்லாமல் கூம்பு மரையோடு வரும் பிளக்குகளுக்குக் கையேடு சொல்லும் மரைப் பசையைத் தடவினால் போதும். கேஸ் அலுமினியமோ மக்னீசியமோ. முழு பலத்தையும் காட்டினால் மரை உரிந்து வந்துவிடும். பல வண்டிகளில் 20 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் முடிந்துவிடும் வேலை. முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சைக் கடன் வாங்கியாவது கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்குங்கள். ஊற்றும் துளை பக்கவாட்டில் இருப்பதால் பாட்டிலைச் சாய்க்க இடம் இருக்காது; கைப்பம்பு வேண்டும். மேல் துளையிலிருந்து ஆயில் மெல்ல வழியும்போது நிறுத்தி, ஒழுகல் சொட்டாகக் குறைந்ததும் மூடுங்கள்.

பிறகு சற்றுத் தூரம் ஓட்டி, மண் தரையில் நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் ஹை (வேக நிலை), ஃபோர் லோ (மெதுநிலை) இரண்டையும் போட்டு எடுத்து, ஆறவிட்டு மட்டத்தை ஒருமுறை பாருங்கள். காய்ந்த தார்ச்சாலையில் சோதிக்க வேண்டாம். உங்கள் வகை வண்டியில் முன்னும் பின்னும் இறுகப் பூட்டிக்கொள்வதால் திருப்பத்தில் வண்டி முறுக்கிக்கொண்டு நிற்கும். அதை ஆயில் கோளாறு என்று நினைத்துப் பயந்துவிடுவீர்கள்.

இதே கேள்வியை, தானாகவே நான்கு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் பி.எம்.டபிள்யூ. எக்ஸ்டிரைவ் வண்டி வைத்திருப்பவர் கேட்டிருந்தால் என் பதில் வேறு. அதில் ஆயிலின் தேய்மானத்தைக் கணினி கணக்கு வைத்திருக்கிறது. மாற்றியபின் ஸ்கேனர் கொண்டு அந்தக் கணக்கைப் பூஜ்யமாக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் முந்தைய வரலாறு தெரியாததால் முதல் மாற்றத்தை அலசல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வடித்த ஆயில் தாரைப்போல் கறுத்தோ பாலைப்போல் வெளுத்தோ இருந்தால், சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் இன்னொரு முறை வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். கடைக்குப் போகும்போதே இரண்டு தடவைக்கான ஆயிலும் நான்கு வாஷர்களும் வாங்கி வந்துவிடுங்கள்.