வட்டிக்கு விடாத தர்மம்

அன்புள்ள ஐயா,

அம்மா இறந்து ஓராண்டு ஆகிறது. ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்ற கத்தோலிக்கக் கன்னியர் சபை நடத்தும் முதியோர் இல்லத்துக்கு அவர் பெயரில் 5 லட்சம் கொடுக்கப் போனேன். வங்கியில் வைப்பாகப் போட்டு, வட்டியில் ஆண்டுதோறும் நினைவு நாளன்று சாப்பாடு போடவேண்டும், சுவரில் ஒரு பெயர்ப்பலகை வேண்டும் என்றேன். ‘வைப்பாக வாங்குவதில்லை, செலவுக்கென்றால் கொடுங்கள்’ என்கிறார்கள். நிர்வாகம் சரியில்லையோ? பணம் மதமாற்றத்துக்குப் போகும் என்கிறார் மாமா. 80ஜி வருமான வரி விலக்கு கிடைக்குமா? கொடுக்கலாமா, வேண்டாமா?

கே.

அன்புள்ள கே.,

80ஜிக்கு ரசீது கேளுங்கள். 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு இல்லை. புதிய வரிமுறையில் இருந்தால் அறவே இல்லை. எந்த மதத்து ஏழைக் கிழவரையும் அங்கே சேர்த்துக்கொள்கிறார்கள். மாமா ஒரு நாள் போய், படுக்கையில் கிடக்கும் ஒரு பாட்டிக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வந்து பேசட்டும்.

‘நிர்வாகம் சரியில்லையோ’ என்றீர்களே, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். இந்த வைப்புநிதி ஆசையைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தச் சபையை நிறுவியவர், பிரான்சின் பிரித்தானிக் கடற்கரையில் மீனவர் மகளாகப் பிறந்த ழான் ஜுகான். 1839 குளிர்காலத்தில், பார்வையற்ற ஒரு கிழவியை வீட்டுக்குக் கொண்டுவந்து தன் கட்டிலைக் கொடுத்தார். ஆட்கள் பெருகவே, கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கேட்கப் போனார். சபை வளர்ந்தபின் ஒரு பாதிரியார் அவரை ஓரங்கட்டினார். கடைசி 27 ஆண்டுகள், நிறுவியவர் இவர்தான் என்றே தெரியாத இளம் கன்னியர் நடுவில் வாழ்ந்தார். 1865இல், நிலையான வருமானம் தரும் ஒரு கொடையை ஏற்பதா என்று சபை குழம்பியபோது மட்டும் கூப்பிட்டுக் கேட்டார்கள். வேண்டாம் என்றார். சபையும் அதையே பிடித்துக்கொண்டது. 2009இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. உங்களிடம் வைப்பை மறுத்தது அந்த வழிவந்த நிர்வாகம்தான்.

என் அப்பாவுக்குக் கொத்தவால்சாவடியில் வெங்காய மண்டி. வெள்ளை அங்கியில் இந்தச் சபையின் இரண்டு சகோதரிகள் சாக்கோடு வருவார்கள். ஒருமுறை அப்பா ஒரு கூடை சின்ன வெங்காயத்தை நகர்த்தினார். வயதான சகோதரி குந்தி உட்கார்ந்து, ஒன்றை எடுத்து நகத்தால் தோலை உரித்துப் பார்த்துவிட்டு, “இது வேணாங்கய்யா. எங்க பாட்டிங்கதான் உரிக்கணும், விரல் மடங்காது. பல்லாரி குடுங்க” என்றார். கணக்குப்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது, தானம் கேட்க வந்த இடத்தில் ரகம் பார்க்கிறார்களே என்று. அப்பா சிரித்துக்கொண்டே பல்லாரி மூட்டையை அவிழ்க்கச் சொன்னார். அப்புறம் என்றைக்கும், என்ன வேண்டும் என்று கேட்காமல் அவர் கொடுத்ததில்லை.

நீங்கள் கேட்டீர்களா? இல்லை. என்ன போடவேண்டும், எந்தத் தேதியில், யார் பெயரில் எல்லாம் முடிவுசெய்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள். இது நம் ரத்தத்திலேயே இருக்கிறது. சோழர் காலத்துக் கோவில் சுவர்களைப் பாருங்கள்: அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்கின் நெய்க்கு 96 ஆடு, ‘சாவா மூவாப் பேராடு’, அதாவது எண்ணிக்கை என்றும் குறையாத ஆடுகள், சூரிய சந்திரர் உள்ளவரை. அந்த ஆசையைக் கேலிசெய்ய மாட்டேன். அம்மா பெயர் நிற்கவேண்டும் என்று எந்தப் பிள்ளைதான் நினைக்காது? ஆனால் விளக்குக்கு என்றைக்கும் நெய் போதும். மனுஷிக்கு இந்த மாதம் டயப்பர், அடுத்த மாதம் கண் ஆபரேஷன். தண்ணீர் மோட்டார் எரிந்துபோனால் உங்கள் அம்மாவின் நினைவு நாள் வரைக்கும் காத்திருக்க முடியுமா? வைப்பில் போட்டுவிட்டால் நீங்கள் அந்தப் படி ஏறவே வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒருநாள் உங்களுக்குப் பதிலாக வங்கி திவசம் கொடுக்கும். அவ்வளவுதான்.

இன்னொன்று. விசேஷ நாளென்று ஜாங்கிரியும் பிரியாணியுமாக இறக்காதீர்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்குப் பல் இல்லை.

சரி, கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுங்கள். முதலில் போன் போட்டு என்ன வேண்டும் என்று கேளுங்கள். டயப்பர் என்றால் அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.