அப்பாவின் ஞானஸ்நானம்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். திருநெல்வேலி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் அப்பாவுக்கு 74 வயது. எங்கள் குடும்பத்தில் முதலில் கர்த்தரை ஏற்றுக்கொண்டவர் அவர்தான். 22 வயதில் தாமிரபரணியில் ஞானஸ்நானம் எடுத்திருக்கிறார். ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தபோது ஆச்சி கதவைத் திறக்கவில்லை, அன்று ராத்திரி திண்ணையில்தான் படுத்தேன் என்று சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்.

என் தம்பி இரண்டு வருடமாக வேறு ஒரு சபைக்குப் போகிறான். 'பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்பதெல்லாம் பட்டங்கள், பெயர் அல்ல. அப்போஸ்தலர்கள் இயேசுவின் நாமத்தில்தான் கொடுத்தார்கள். அப்படி எடுக்காதது ஞானஸ்நானமே இல்லை' என்று அங்கே போதிக்கிறார்கள். மத்தேயுவில் உள்ள வசனமே பிற்காலத்தில் சேர்த்தது என்று ஒரு வாட்ஸ்அப் வீடியோவையும் அப்பாவிடம் போட்டுக் காட்டிவிட்டான். அன்றிலிருந்து அப்பாவுக்குத் தூக்கம் இல்லை. ஞானஸ்நானம் கொடுத்த பாஸ்டர் எப்போதோ கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். 'அவர் என்ன சொல்லி முக்கினார்னு எனக்கு ஞாபகமே இல்லையே' என்று அப்பா அழுகிறார். இடுப்பில் ஆபரேஷன் ஆனவர். அவரை மறுபடி ஒரு தொட்டியில் இறக்க வேண்டுமா? யார் சொல்வது சரி?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பாவை எந்தத் தொட்டியிலும் இறக்க வேண்டாம். அவர் பெற்றது ஞானஸ்நானம்தான். முதலில் இதை அவரிடம் சொல்லிவிட்டு, மீதியைப் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

தம்பி சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம். அவர் காட்டும் வசனங்கள் வேதத்தில் இருப்பவைதான். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு 'ஒவ்வொருவரும் பாவமன்னிப்புக்கென்று இயேசுகிறிஸ்துவின் நாமத்தினாலே ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளுங்கள்' என்கிறார். சமாரியாவிலும், கொர்நேலியுவின் வீட்டிலும், எபேசுவிலும் அதே பாணியில்தான் எழுதியிருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் எங்குமே 'பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே கொடுத்தார்கள்' என்று இல்லை. மத்தேயு 28:19-ல் 'நாமம்' என்பது ஒருமை, அந்த ஒரே நாமம் இயேசு என்பதுதான், ஆகவே அப்போஸ்தலர்கள் கட்டளையை மீறவில்லை, அதைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்பது தம்பியின் சபையார் வாதம். யோசித்துச் செய்த வாதம்தான்.

இந்த வாதம் ஒரு இயக்கமாக வளர்ந்தது அமெரிக்காவில். 1913-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் அரோயோ செக்கோ என்ற இடத்தில் ஒரு பெந்தெகொஸ்தே முகாம் நடந்தது. அங்கே கனடாவைச் சேர்ந்த மெக்காலிஸ்டர் என்ற ஊழியர், அப்போஸ்தலர்கள் இயேசுவின் நாமத்தில்தான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று ஒரு பிரசங்கத்தில் சொன்னார். அடுத்த வருடம் ஃபிராங்க் யூவர்ட், கிளென் குக் என்ற இரண்டு ஊழியர்கள் ஒருவருக்கொருவர் அந்த நாமத்தில் மறுஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். 1916-ல் அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபை, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்ற திரித்துவத்தை விசுவாசப் பிரமாணமாக வைத்தபோது, அதன் ஊழியர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். தம்பி கேட்கும் போதனையின் கிளை அங்கிருந்து வருவது. அதனால் மட்டும் அது தவறாகிவிடாது. ஆனால் 'ஆதி சபைக்கே திரும்புகிறோம்' என்று சொல்லும்போது, அந்த ஆதி சபையை நாமும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

வாட்ஸ்அப் வீடியோவை முதலில் முடித்துவிடுவோம். மத்தேயுவின் கடைசி அதிகாரத்தில் அந்த வசனம் உள்ள கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி இல்லாமல் ஒன்றுகூடக் கிடையாது. நான்காம் நூற்றாண்டுச் சரித்திரக்காரர் யூசேபியு சில இடங்களில் அதைச் சுருக்கி 'என் நாமத்தில்' என்று மேற்கோள் காட்டுகிறார், வேறு இடங்களில் முழுசாகவும் எழுதுகிறார். வீடியோக்காரர்கள் முதலாவதை மட்டும் காட்டுவார்கள். அப்புறம் திதாகே என்ற பழைய சபை ஒழுங்குநூல் ஒன்று இருக்கிறது. முதல் நூற்றாண்டின் கடைசி அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். அதன் ஏழாம் பகுதி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஓடுகிற தண்ணீரில் ஞானஸ்நானம் கொடுங்கள் என்கிறது. ஓடுகிற தண்ணீர் இல்லாவிட்டால் வேறு தண்ணீர், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றுங்கள். இரண்டு பகுதி தள்ளி, நற்கருணையைப் பற்றிச் சொல்லும்போது அதே நூல் 'கர்த்தருடைய நாமத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்' மட்டும் புசிக்கலாம் என்கிறது. ஒரே நூலில் இரண்டு சொல்முறையும் இருக்கிறது. எழுதியவருக்கு அதில் எந்த முரண்பாடும் தெரியவில்லை.

இப்போது உங்கள் வீட்டுத் தமிழ் வேதாகமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்தேயுவில் 'நாமத்திலே' என்று இருக்கும். அப்போஸ்தலர் 2:38, 8:16, 10:48, 19:5 நான்கிலும் 'நாமத்தினாலே' என்று இருக்கும். இதைப் பார்த்துவிட்டு இரண்டும் வேறு வேறு ஞானஸ்நானம் என்று ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார். மூல மொழியான கிரேக்கத்தில் பங்கீடு அப்படி இல்லை. மத்தேயுவிலும் 8:16, 19:5 இரண்டிலும் 'எயிஸ்' (உள்ளே) என்ற ஒரே சொல். 2:38-ல் 'எபி' (மேல்). 10:48-ல் 'என்' (இல்) என்ற கிரேக்கச் சொல். பெயரும் ஒரே மாதிரி இல்லை: ஓரிடத்தில் இயேசுகிறிஸ்துவின், ஓரிடத்தில் கர்த்தராகிய இயேசுவின், நம் வேதாகமத்தில் ஓரிடத்தில் கர்த்தருடைய. தண்ணீரில் நின்று உச்சரிக்க வேண்டிய வாசகத்தை, அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்கா எழுத்துக்கு எழுத்து பதிவு செய்திருந்தால் இப்படி மாறி மாறி வந்திருக்காது. அந்த ஞானஸ்நானம் யாருடையது என்பதைத்தான் அவர் சொல்கிறார். யோவான்ஸ்நானனுடையது அல்ல, இயேசுவினுடையது.

அந்த 'எயிஸ்' என்ற சொல்லோடு கொஞ்சம் நிற்க ஆசைப்படுகிறேன். எகிப்தில் கிடைத்த பழைய பாப்பிரஸ் ஏடுகளில், பணமோ சொத்தோ ஒருவர் கணக்கில் சேருவதற்கு 'இன்னாருடைய பெயருக்குள்' என்று இதே கிரேக்கச் சொற்றொடரை எழுதியிருக்கிறார்கள். ஞானஸ்நானத்தில் வருவதும் அந்த வழக்குதான் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள், வேறு சிலர் எபிரேய வழக்கைக் காட்டுகிறார்கள். தமிழனுக்கு முதல் விளக்கம் சட்டென்று பிடிபடும். 'வயலை மகள் பேரில் எழுதிவைத்துவிட்டார்' என்று நாம் தினமும் பேசுகிறோம். பவுல் கொரிந்தியரிடம் 'பவுலின் நாமத்தினாலேயா ஞானஸ்நானம் பெற்றீர்கள்?' என்று கேட்பதை இந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள். 'என் பேரிலா உங்களை எழுதினார்கள்?' என்கிறார். நீ எனக்குச் சொந்தமில்லை, கிறிஸ்துவுக்குச் சொந்தம் என்பதற்காகத்தான் அவ்வளவு கோபம்.

எபேசுவிலும் பாருங்கள். பரிசுத்த ஆவி உண்டென்பதையே கேள்விப்படவில்லை என்று அங்கிருந்தவர்கள் சொன்னதும் பவுல், 'அப்படியானால் எந்த ஞானஸ்நானம் பெற்றீர்கள்?' என்கிறார். இயேசுவின் ஞானஸ்நானம் பெற்றவர் ஆவியின் பெயரைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது என்று அவர் நினைத்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

உங்களுக்கு இன்னொன்று ஆச்சரியமாக இருக்கலாம். 'உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்' என்ற வாக்கியமே எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரத்தில் பிஷப் அம்புரோஸ் அதைக் கேள்வியும் பதிலுமாகத்தான் விவரிக்கிறார். சர்வவல்லமையுள்ள பிதாவாகிய தேவனை விசுவாசிக்கிறாயா? விசுவாசிக்கிறேன். ஒரு முழுக்கு. நம்முடைய கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவையும் அவருடைய சிலுவையையும் விசுவாசிக்கிறாயா? விசுவாசிக்கிறேன். இன்னொரு முழுக்கு. ஆவியைக் குறித்து மூன்றாவது. பிற்காலத்தில் பேர்பெற்ற வேத அறிஞரான அகஸ்டின் 387 ஈஸ்டரில் அவரிடம்தான் ஞானஸ்நானம் பெற்றார், இந்த முறையில்தான் பெற்றிருப்பார். கிழக்கத்திய சபைகளில் இன்றும் 'நான் கொடுக்கிறேன்' என்பது இல்லை. 'தேவனுடைய ஊழியன் இன்னார் பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் பெறுகிறான்' என்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1439-ல் ஃபிளாரன்ஸ் சங்கத்தில் இதையும் செல்லும் என்று ஏற்றது.

அப்படியானால் வார்த்தைக்கு மதிப்பே இல்லையா என்றால், நிச்சயமாக உண்டு. 'சிருஷ்டிகர், மீட்பர், பரிசுத்தமாக்குபவர்' என்று சொல்லிச் சிலர் கொடுக்க ஆரம்பித்தபோது, 2008-ல் வத்திக்கான் அது செல்லாது என்றது. நான் கத்தோலிக்கன் இல்லை, ஆனாலும் அதை ஒத்துக்கொள்கிறேன். அவை தேவன் நமக்குச் செய்வதைச் சொல்கின்றன, அவரைக் கூப்பிடவில்லை. வீட்டில் எந்தப் பிள்ளையும் அப்பாவை 'சம்பாதித்துப் போடுகிறவரே' என்று கூப்பிடுவதில்லை.

ஆனால் வார்த்தையைக் காப்பதற்கும், வார்த்தையை வைத்து மனுஷரைக் கலங்கடிப்பதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. 2020-ல் வத்திக்கான் இன்னொரு தீர்ப்பு சொன்னது: 'நான்' என்பதற்குப் பதில் 'நாங்கள் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோம்' என்றால் செல்லாது. தமிழில் இது ஒரு விகுதி வித்தியாசம், கொடுக்கிறேன், கொடுக்கிறோம், அவ்வளவுதான். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஒரு குருவானவர் தன் குழந்தைப் பருவ ஞானஸ்நான வீடியோவைப் போட்டுப் பார்த்தபோது அதில் 'நாங்கள்' என்று கேட்டது. தான் கிறிஸ்தவனே இல்லை, ஆகவே குருவும் இல்லை என்ற நிலை. எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி பெற்றார். பீனிக்ஸ் நகரில் ஒரு குரு பல வருடங்களாக அப்படியே சொல்லிவந்தது தெரிந்து, 2022-ல் பங்குப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆயிரக்கணக்கானவர்களுடைய ஞானஸ்நானம் செல்லாது என்றார்கள். ஞானஸ்நானம் கொடுப்பது கிறிஸ்துதான், கூட்டம் அல்ல என்ற அவர்களுடைய காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் கொடுப்பவர் கிறிஸ்து என்றால், பாதிரியாரின் ஒரு விகுதி பிசகியதற்காக அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இந்த விஷயத்தில் என் மனசு எட்டாம் நூற்றாண்டுப் போப் ஒருவர் பக்கம்தான் போகிறது. பவேரியாவில் லத்தீன் சரியாகத் தெரியாத ஒரு பாதிரியார் இருந்தார். 'இன் நோமினே பாத்ரிஸ் எத் ஃபிலியி' என்று சொல்ல வேண்டியவர் 'பாத்ரியா எத் ஃபிலியா' என்று சொல்லிக் கொடுத்துவந்தார். அப்படிச் சொன்னால் 'பிதா', 'குமாரன்' போய் 'தாய்நாடு', 'மகள்' என்று ஆகிவிடும். மிஷனரி போனிபாஸ், அவர்களுக்கெல்லாம் மறுபடி கொடுக்கச் சொன்னார். விஷயம் ரோமாபுரிக்குப் போனது. 746-ல் போப் சக்கரியாஸ் போனிபாஸுக்கு எழுதினார்: அந்த மனுஷர் தப்பான போதனையைப் புகுத்தவில்லை, பாஷை தெரியாமல் சொல்லிவிட்டார், அவர்களுக்கு மறுபடி கொடுக்கக் கூடாது.

தம்பியின் பக்கத்துக்கும் இதே நியாயம் கிடைத்திருக்கிறது. 866-ல் பல்கேரியர்கள் கேட்ட கேள்விக்குப் போப் முதலாம் நிக்கோலாஸ் பதில் எழுதும்போது, திரித்துவத்தின் நாமத்தில் பெற்றிருந்தாலும், அப்போஸ்தலர் நடபடிகளில் உள்ளபடி கிறிஸ்துவின் நாமத்தில் மட்டும் பெற்றிருந்தாலும், மறுபடி கொடுக்க வேண்டாம் என்றார். பிற்காலத்தில் இந்தப் பெருந்தன்மை சுருங்கிவிட்டது. இன்று பெரிய சபைகள் பலவற்றில் இயேசு நாமத்தில் மட்டும் பெற்றதைச் செல்லாது என்பார்கள். உங்கள் தம்பி நாளைக்கு அப்படி ஒரு சபைக்குப் போனால், அங்கே அவரையும் மறுபடி தண்ணீரில் இறக்குவார்கள். அதுவும் எனக்கு வருத்தம்தான்.

என் சித்தி ஞானஸ்நானம் எடுத்தது கடலில். எனக்கு அப்போது பத்து வயது. கரையில் அவருடைய செருப்பையும் மாற்றுச் சேலையையும் பிடித்துக்கொண்டு நின்றேன். மார்பளவு தண்ணீர். பாஸ்டர் ஒரு கையைச் சித்தியின் முதுகுக்குக் கொடுத்து, இன்னொரு கையில் கைக்குட்டையோடு மூக்கைப் பொத்தி, வாய் திறந்து சொல்ல ஆரம்பித்தபோது ஒரு பெரிய அலை வந்தது. 'பிதா' என்று காதில் விழுந்தது. அப்புறம் உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. சித்தி உள்ளே போய், முடியெல்லாம் முகத்தில் ஒட்டி, இருமிக்கொண்டே எழுந்தார். கரையில் நின்ற எங்களில் யாருக்கும் மீதி வார்த்தை கேட்கவில்லை. இருமலில் சித்திக்கே கேட்டிருக்குமா என்பது சந்தேகம். அதற்கப்புறம் 30 வருடம் அவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பார்த்தவன் நான். அவர் யார் பேரில் எழுதப்பட்டவர் என்று எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

அதனால்தான் 'ஞாபகமே இல்லையே' என்று அப்பா அழுவதைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. அவர் ஞாபகம் வைத்திருக்க வேண்டியது பாஸ்டரின் வார்த்தையை அல்ல. எத்தியோப்பிய மந்திரிக்குப் பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்தபோது என்ன சொன்னார் என்று லூக்காவே எழுதவில்லை. தண்ணீர் இருந்ததையும், இருவரும் இறங்கியதையும், கரையேறின மந்திரி சந்தோஷத்தோடே தன் வழியே போனதையும் எழுதியிருக்கிறார்.

தம்பியிடம் சண்டை வேண்டாம். அப்பா மேல் உள்ள பயத்திலும் பாசத்திலும்தான் அவர் அந்த வீடியோவைக் காட்டியிருப்பார். இன்று சாயங்காலம் அப்பாவுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, தம்பியையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்தை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும், அந்தத் திண்ணையில் படுத்த ராத்திரியைப் பற்றி அப்பாவைக் கேளுங்கள். ஈர வேட்டி எப்போது காய்ந்தது, ஆச்சி எப்போது கதவைத் திறந்தார், ஆற்றிலிருந்து ஏறும்போது துண்டு கொடுத்தது யார் என்றெல்லாம். அவர் சொல்வதை எழுதி எனக்கும் அனுப்புங்கள்.