டர்பனில் 25,000 ரேண்ட் வைத்துக்கொண்டு விண்வெளித் தொடர்புள்ள பழைய குரோனோகிராஃப் சேகரிக்கத் தொடங்கலாமா?

கேள்வி இது: கேட்பவர் டர்பனில் இருக்கிறார், கையில் 25,000 ரேண்ட். விண்வெளிக்குப் போன வகையைச் சேர்ந்த ஒரு பழைய மெக்கானிக்கல் குரோனோகிராஃபோடு (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள கைக்கடிகாரம்) சேகரிப்பைத் தொடங்க ஆசை. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் மஞ்சள் முகப்பு (டயல்) சீக்கோ வாட்ச் ஒன்றை 9,500 ரேண்டுக்குப் போட்டிருக்கிறார், "புதுசு மாதிரி" என்கிறார். வாங்கலாமா?

அந்த "புதுசு மாதிரி"தான் முதலில் உறுத்த வேண்டும். ஐம்பது வருட வாட்ச் புதுசு மாதிரி இருந்தால், டயலையோ முட்களையோ கேஸையோ யாரோ மாற்றியிருக்கிறார்கள், அல்லது தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். உள்ளே மெஷின் அழுக்காக இருந்தால் கழுவி எண்ணெய் விடலாம். போன டயலும் தேய்ந்த கேஸும் திரும்ப வராது. அதனால் பார்க்கும் வரிசை எப்போதும் டயல், கேஸ், பிறகுதான் மெஷின். பெரும்பாலோர் "ஓடுகிறதா?" என்று முதலில் கேட்டே ஏமாறுகிறார்கள்.

உங்கள் பணத்துக்கு, நிலவுக்குப் போன வகையான அசல் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வராது. வந்தால் விலகிவிடுங்கள். 6139 என்ற மெஷின் உள்ள சீக்கோ வரும், அதுவும் சர்வீஸ் செலவோடு சேர்த்து. தொடங்குவதற்கு அது நல்ல வாட்ச் என்பதே என் கருத்து. அமெரிக்க விண்வெளி வீரர் வில்லியம் போக் 6139-6005 மாதிரி ஒன்றை 1972-இல் சொந்தக் காசில் வாங்கி, நாசா அனுமதிப் பட்டியலில் இல்லாமலேயே ஸ்கைலேப் 4 விண்வெளிப் பயணத்துக்கு எடுத்துப்போனார். 1973 நவம்பர் 16 முதல் 1974 பிப்ரவரி 8 வரை 84 நாள் அது சுற்றுப்பாதையில் இருந்தது. விண்வெளிக்குப் போன முதல் ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப் அதுதான். அதனால்தான் மஞ்சள் டயலுக்கு "போக்" என்றே பெயர், அதனால்தான் போலி டயலும் அதற்கே அதிகம்.

விற்பனையாளரிடம் பின்மூடியின் படத்தைக் கேளுங்கள். 6139-6005 என்ற எண்ணும், ஆறு இலக்க வரிசை எண்ணும் இருக்க வேண்டும். முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஓ, என், டி என்று ஆங்கில எழுத்து வரும். 32 என்று தொடங்கினால் 1973 பிப்ரவரி. இந்த மெஷின் வந்ததே 1969-இல் என்பதால் பத்தாண்டுக் குழப்பம் அதிகம் வராது. ஆரம்ப வாட்ச்களில் டயலிலும் மூடியிலும் "வாட்டர் புரூஃப்" என்றும், பிறகு "வாட்டர் ரெசிஸ்ட்" என்றும் இருக்கும். டயல் ஒன்றும் மூடி வேறொன்றும் சொன்னால் இரண்டு வாட்ச் சேர்ந்து ஒன்றாகியிருக்கலாம், விசாரியுங்கள்.

அடுத்து டயல். 6 மணிக்குக் கீழே, ஓரத்தையொட்டி மிகச் சிறிய எழுத்தில் டயல் எண் இருக்கும். பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் அசல் அச்சு கூர்மையாக, மெல்லியதாகத் தெரியும். போலி டயலில் அந்த எண் இருக்காது, அல்லது மை பரவி மங்கியிருக்கும். மஞ்சளும் எலுமிச்சைச் சாயலில் பளிச்சென்று அடிக்கும். அசல் டயல் வெயில் பட்டு ஒரே சீராக இல்லாமல் சற்றே வெளிறியிருந்தால் குறை என்று நினைக்காதீர்கள், அதுவே நல்ல அறிகுறி. கேஸின் மேற்பரப்பில் பிரஷ் கோடுகள் தெரிகின்றனவா, ஓரங்கள் கையில் உறைக்கும் அளவுக்குக் கூர்மையாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சோப்புக்கட்டி போல் வழவழப்பாக உருண்டிருந்தால் மெருகு மெஷினில் கிடந்திருக்கிறது.

இந்த சீக்கோவுக்குச் சாவி கொடுக்க முடியாது. அரை நிமிடம் மெதுவாக ஆட்டினால் ஓடும். தனி நொடிமுள்ளும் கிடையாது. நடுவில் இருப்பது குரோனோகிராஃப் முள், 6 மணிப் பக்கம் 30 நிமிடக் கணக்கு. கிரவுனை (பக்கத்துக் குமிழை) அரைவாசி அழுத்தினால் தேதி மாறும், முழுதாக அழுத்தினால் கிழமை மாறும். இரவு 9 முதல் அதிகாலை 4 வரை இதைச் செய்யக் கூடாது, அந்த நேரம் காலண்டர் பற்கள் கோத்திருக்கும். கிரவுனை அப்படியே திருப்பினால் உள் வளையம் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் அதை ஓட்டும் சின்னப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது.

இப்போது மேல் பொத்தானை அழுத்தி ஓட விடுங்கள். பெரிய நோய் இங்கேதான் தெரியும். ஓட விட்டதும் வாட்சே நின்றுபோவது, முள் விட்டுவிட்டு நகர்வது, பூஜ்யத்துக்குக் கொண்டுவரும்போது 12-க்கு இரண்டு கோடு தள்ளி நிற்பது, இந்த மூன்றும் பெரும்பாலும் கிளட்ச் கோளாறு, அதாவது குரோனோகிராஃப் முள்ளை மெஷினோடு இணைக்கும் உறுப்பின் கோளாறு. சீக்கோ இதில் செங்குத்து கிளட்ச் வைத்தது. கிளட்சும் நடுச் சக்கரமும் சேர்ந்து ஒரே அடைத்த உறுப்பு, பிரித்துப் பழுதுபார்க்கவென்று செய்யப்பட்டதல்ல. எண்ணெய் காய்ந்திருந்தால் ஊறவைத்துக் கழுவிப் புது எண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள். தேய்ந்திருந்தால் வேறொரு 6139-ஐ உடைத்துத்தான் எடுக்க வேண்டும், புதுப் பாகம் கடையில் கிடைக்காது. முள் தள்ளி நிற்பதற்கு, முள் அச்சில் தளர்ந்திருப்பதும் காரணமாக இருக்கலாம், அது சுலப வேலை. எது என்று வாட்ச்காரர் திறந்து பார்த்தால்தான் தெரியும். ஆகவே விற்பவரிடம் ஒரே வெட்டில்லாத வீடியோ கேளுங்கள்: ஓட விடுவது, 31 நிமிடம் ஓடுவது, நிறுத்துவது, பூஜ்யம் செய்வது. தரத் தயங்கினால் அதுவே பதில். ஓடிக்கொண்டிருக்கும்போது பூஜ்யம் செய்யும் கீழ்ப் பொத்தானை அழுத்தவே வேண்டாம், இதிலும் சரி, ஸ்பீட்மாஸ்டரிலும் சரி.

ஸ்பீட்மாஸ்டர் பிற்பாடு வாங்குவீர்கள் என்று தெரியும், அதனால் அதையும் சொல்கிறேன். 1965 மார்ச் 1-இல் நாசா அதை விண்வெளிப் பயணத்துக்குத் தகுதியானது என்று அறிவித்தது. சோதனைகளில் ஒன்று 95 சதவீத ஈரப்பதத்தில் 240 மணி நேரம், அதாவது பத்து நாள் டர்பன் கோடை. அந்தச் சோதனையில் நின்றது புது கேஸ்கட் (ஈரம் புகாமல் அடைக்கும் வளையம்) போட்ட புது வாட்ச். உங்கள் கைக்கு வருவதில் கேஸ்கட் கல்லாகியிருக்கும். அதே வருடம் ஜூன் 3-இல் எட் வைட் விண்வெளியில் நடந்தபோது கையில் இருந்தது 105.003 மாதிரி. நிலவில் ஆல்ட்ரின் கட்டியிருந்தது 105.012. இவற்றின் மெஷின் கேலிபர் 321: குரோனோகிராஃபை இயக்குவது தூண் சக்கரம், மணிக்கு 18,000 துடிப்பு. 1968-இல் 145.022 மாதிரியோடு 861 மெஷின் வந்தது: தூண் சக்கரத்துக்குப் பதில் கேம் என்ற எளிய தகடு, 21,600 துடிப்பு. 861-இன் அடிப்படை லெமானியா நிறுவனத்தின் 1873 என்ற மெஷின் என்பதால் பாகமும் தெரிந்த ஆளும் கிடைப்பது சுலபம். முதல் ஸ்பீட்மாஸ்டர் 861 ஆகவே இருக்கட்டும். உள்ளே பிளாஸ்டிக் பிரேக்கைக் கண்டு போலி என்று பதற வேண்டாம், பிற்கால 861-களில் அது அசலே.

1969 ஸ்பீட்மாஸ்டர் டயலின் அடியில் "டி சுவிஸ் மேட் டி" என்று இருக்க வேண்டும். அந்த டி, டயலை ஒளிரச் செய்யும் கதிரியக்கப் பொருளான டிரிட்டியத்தைக் குறிக்கிறது. இரு பக்க டி இல்லாமல் "சுவிஸ் மேட்" மட்டும் இருந்தால் சர்வீஸில் மாற்றிய டயல். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 வருடம், எனவே இன்று அதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மிச்சம். இருட்டறையில் டார்ச் அடித்து அணைத்துப் பாருங்கள். சில நொடியில் மங்கினால் சரி. பச்சையாகப் பல நிமிடம் நின்று ஒளிர்ந்தால் புதிதாகப் பூசியது. முள்ளும் புள்ளிகளும் வேறு வேறு நிறத்தில் பழுத்திருந்தால் முள் வேறு வாட்சுடையது. 1960-களின் தொடக்கத்துக்கு முந்திய டயலில் ரேடியம் என்ற ஆபத்தான கதிரியக்கப் பொருள் இருக்கலாம். அதை வீட்டில் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், உதிரும் தூள் மூச்சோடு போகக் கூடாது.

பெசலில் (டயலைச் சுற்றிய வெளி வளையத்தில்) 90 என்ற எண்ணையும் அதன் புள்ளியையும் உற்றுப் பாருங்கள். பழையதில் புள்ளி எண்ணின் தலைமேல் இருக்கும், பின்னர் பக்கத்தில் வந்தது. இந்த ஒரு அலுமினிய வளையத்துக்காகவே விலை ஏறுவதால் இதைக் கழற்றி மாட்டுவது சகஜம். கண்ணாடியின் நடு மையத்தில், சாய்த்துப் பார்த்தால், மிகச் சிறிய ஒமேகா சின்னம் தெரியும். இல்லாவிட்டால் ஒமேகா அல்லாத வேறு கண்ணாடி, அதற்காக வாட்சைத் தள்ள வேண்டாம். மூடியின் உள்பக்கம் இருக்கும் மாதிரி எண்ணும் மெஷின் மேல் இருக்கும் வரிசை எண்ணும் ஒரே காலத்துக்கு ஒத்துப்போக வேண்டும், இது மட்டும் விட்டுக்கொடுக்க முடியாதது. 2021-இல் ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போன ஸ்பீட்மாஸ்டர்கூடப் பல வாட்ச் பாகங்களைக் கூட்டிச் செய்தது என்று 2023-இல் ஒமேகாவே அறிவித்தது.

"விண்வெளிக்கே போன ஸ்பீட்மாஸ்டர்" என்று யாரும் விற்க வந்தால் நின்று பேசவே வேண்டாம். நாசா கொடுத்தவை அமெரிக்க அரசின் சொத்து. போக்கின் சீக்கோவும், அப்பல்லோ 15-இல் டேவ் ஸ்காட் கட்டிய புலோவாவும் ஏலத்துக்கு வந்தது அவை அவர்களுடைய சொந்த வாட்ச் என்பதால். நம் நாட்டில் இன்னொரு கதையும் சொல்லப்படலாம்: ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து ஹார்டிபீஸ்ட்ஹுக் நிலையத்தில் வேலை செய்தவருடையது என்று. 1961 முதல் 1974 வரை அது நாசாவின் ஆழ்விண்வெளி நிலையமாக இருந்தது உண்மை. ஆனால் மூடியில் பெயர் பொறிக்க எந்தக் கடையிலும் அரை மணி நேரம் போதும். பணிச் சான்றோ, அந்தக் காலப் படமோ இல்லாமல் அதற்காக ஒரு ரேண்டும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

ரஷ்ய வழியில் ஸ்த்ரேலா வாட்சின் 3017, போல்யோட் வாட்சின் 3133 இரண்டும் அருமையான மெஷின்கள். மறுபதிப்புகளும் கலவைகளும் மலிந்த வட்டாரம் அது, இரண்டாவது வாங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. தென்னாப்பிரிக்காவில் இறக்குமதி வாட் (மதிப்புக் கூட்டு வரி) 15 சதவீதம், ஆனால் பொருளின் விலையோடு 10 சதவீதம் கூட்டிய பிறகே அது போடப்படும். 9,500 ரேண்ட் வாட்சுக்கு 10,450-இன் 15 சதவீதம், அதாவது 1,567.50. சுங்கத் தீர்வை இருந்தால் அதையும் 10,450-ஓடு கூட்டிய பிறகு வாட். மேலே கூரியரின் கட்டணம். முதலைத்தோல் ஸ்ட்ராப் இருந்தால் கழற்றிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள், வனவிலங்கு அனுமதி இல்லாமல் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். மீதியைச் சர்வீஸுக்கு ஒதுக்குங்கள். பணம் அனுப்பும் முன்பே உள்ளூர் வாட்ச்காரரிடம் "6139-இன் கிளட்சைக் கழற்றிய அனுபவம் உண்டா?" என்று நேராகக் கேளுங்கள். பேட்டரி மாற்றும் கடைக்கு இந்த வேலை இல்லை.

வந்த பிறகு கடற்கரைப் பக்கம் கட்டாதீர்கள். 1962 மே 24-இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கார்ப்பென்டர் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோன பிரைட்லிங் காஸ்மொனாட், கடலில் இறங்கிய பிறகு உப்புத் தண்ணீர் புகுந்துதான் கெட்டது. "70 மீட்டர்" என்று எழுதியிருந்தாலும் பொத்தான் வழியே ஈரம் ஏறும். தைப்பூசக் காவடி வரும் ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் வியர்வையே போதும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், மாதம் ஒருமுறை பொட்டலத்தை உலர்த்துங்கள். கண்ணாடிக்குள் ஆவி கட்டினால் ஹேர் டிரையர் காட்டாமல் அன்றே திறக்கக் கொடுங்கள், மறுநாளே எஃகு திருகுகளில் துரு தொடங்கிவிடும்.

அந்த 9,500 ரேண்ட் விற்பனையாளரிடம் இன்றே நான்கு கேளுங்கள்: டயல் அடியோரத்தின் நெருக்கப் படம், பின்மூடி, மூடி திறந்த மெஷின், 31 நிமிட வீடியோ. நான்கும் வந்து மேலே சொன்னதோடு பொருந்தினால் வாங்குங்கள்.