குழாய் ஸ்பீக்கரும் நார்வே காடும்: பிளாக் மெட்டல் கேள்வி பதில்

கடலூர் முதுநகரில் மைக் செட் கட்டுவது என் தொழில். மீதி நேரத்தில் ஆம்ப் பழுது பார்ப்பேன். இரவில் பிளாக் மெட்டல் கேட்பேன், அலறல் குரலும் அதிவேக கிட்டாருமான ஒருவகை ராக் இசை. தெரிந்தவர்களும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

அண்ணே, எந்நேரமும் ஒரே ஆல்பத்தைப் பற்றியே பேசுகிறீர்களாமே. அது என்ன, யார் போட்டது? (கல்லூரி மாணவர், பண்ருட்டி)

எம்பரர் என்ற நார்வே குழு. ஆல்பத்தின் பெயர் 'இன் தி நைட்சைட் எக்லிப்ஸ்'. 1993ல் பதிவு செய்து 1994ல் வெளியிட்டார்கள். எட்டுப் பாட்டு, ஏறக்குறைய 48 நிமிடம். பாடியவர் இஷான். கீபோர்டும் அவர்தான், கிட்டாரில் பாதியும் அவர்தான். பதிவின்போது அவருக்கு வயது 17. உன்னைவிடச் சின்னப் பையன், தம்பி.

பிளாக் மெட்டல் என்ற பெயர் இங்கிலாந்தின் வெனம் குழு 1982ல் வெளியிட்ட ஆல்பத்தின் தலைப்பு. அதற்குப் பிறகு ஸ்வீடனில் பாத்தரி என்ற குழு. 90களின் தொடக்கத்தில் நார்வேப் பையன்கள் கையில் எடுத்து இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தார்கள். மேஹெம், டார்க்த்ரோன், இம்மார்ட்டல், என்ஸ்லேவ்டு எல்லாம் அந்தக் கூட்டம்தான்.

கேட்டவுடனே பிடித்துவிட்டதா? (முதுநகர் தம்பி ஒருவர்)

எங்கே! முதல் தடவை ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் நினைத்தேன். பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த மாமா மகன் 2011 தீபாவளிக்கு வந்தபோது என் மெமரி கார்டில் நாலைந்து ஃபோல்டர்களை ஏற்றிவிட்டுப் போனான். மழைநாளில் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது இதைப் போட்டேன். அவுட்புட் டிரான்சிஸ்டர் போன ஆம்ப் இப்படித்தான் கத்தும். இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். அழிக்கச் சோம்பல், அதனால் அது கார்டிலேயே கிடந்தது.

டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் கரையேறியது, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில். அதற்கு முந்தைய இரவு எப்படி இருந்தது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காற்று ஊளையிட்டது என்று எழுதுகிறார்கள். ஊளை என்றால் ஏறும், இறங்கும். இது ஒரே சுருதியில் மணிக்கணக்காக நின்றது. அதற்குள்ளே தகரம் கிழிவதும் யாரோ யாரையோ கூப்பிடுவதும் சின்னச் சின்னதாகக் கேட்டன. எங்கள் வாசல் வேம்பு விழுந்த சத்தம் எங்கள் யாருக்குமே கேட்கவில்லை. விடிந்து கதவைத் திறந்தால் குறுக்கே கிடக்கிறது.

எங்கள் தெருவில் பதினோரு நாள் கரண்ட் இல்லை. மைக் செட்காரன் என்பதால் என்னிடம் ஜெனரேட்டர் இருந்தது. தெருவே செல்போனும் சார்ஜருமாக வாசலில் வந்து நின்றது. டீசலுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். இரவு ஒன்பது மணிக்கு ஜெனரேட்டரை அணைத்தால் ஊரே இல்லாததுபோல் இருட்டு. முதுநகர் வானத்தில் அத்தனை நட்சத்திரத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு பாட்டுக் கேட்கலாம் என்று போனைத் தடவினேன். சினிமாப் பாட்டு எதுவும் அன்றைக்கு ஒட்டவில்லை. காதல், குத்து, சோகம், மூன்றுமே வேறு யாருக்கோ எழுதியதுபோல் இருந்தது. கடைசியில் அந்த ஃபோல்டர்.

அதே ஃபைல்தான். புயல் ராத்திரியில் கேட்ட ஒற்றைச் சுருதிக் காற்று அதற்குள் அப்படியே வீசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுக்குள், ரொம்பத் தூரத்தில், ராகம்போல ஏதோ ஒன்று மெதுவாக நகர்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனேன். மூன்றாவது பாட்டில் கீபோர்டு எழும்பியபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். புயலன்று பயப்படக்கூட நேரமில்லை, ஜெனரேட்டரைத் தூக்கு, ஸ்பீக்கர் பெட்டியை மூடு, அம்மாவை உள்ளறைக்கு நகர்த்து என்று ஓடிக்கொண்டிருந்தேன். அந்தப் பயம் எனக்கு மாடியில்தான் வந்தது. வந்தபோது அழகாக வந்தது. முடிந்ததும் மறுபடி போட்டேன். பாதியில் பேட்டரி செத்தது. ஊர் போனுக்கெல்லாம் சார்ஜ் ஏற்றியவன் என் போனை மறந்திருந்தேன்.

எனக்கு வெறும் இரைச்சலாகத்தான் கேட்கிறது. பொய் சொல்லாமல் சொல்லுங்கள், உள்ளே ஏதாவது இருக்கிறதா? (நெல்லிக்குப்பம் வாசகர்)

இருக்கிறது. காதை எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல்.

கிட்டாரில் ஒரே சுரத்தை மேலும் கீழுமாக மிக வேகமாக மீட்டுவார்கள். அதற்கு ட்ரெமலோ என்று பெயர். மீட்டல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே இழையாகிவிடும். டிரம்ஸில் குச்சியால் அடிக்கும் ஸ்நேரும் காலால் மிதிக்கும் கிக்கும் மாறி மாறி வேகமாக விழும், அதற்கு பிளாஸ்ட் பீட் என்று பெயர். ஃபேன் வேகமாகச் சுற்றும்போது இறக்கை தெரியாது, ஒரு வட்டம்தான் தெரியும் இல்லையா, அதுபோலத்தான் இதுவும். ஓர் அளவுக்கு மேல் வேகம் போனால் காது எண்ணுவதை விட்டுவிடும். அப்போது மேலே மெதுவாக மாறுகிற சுரங்கள் தெரிய ஆரம்பிக்கும். அடியில் அவ்வளவு வேகம் இருந்தும் மேலே பாட்டு நிதானமாகத்தான் போகிறது. நீங்கள் டிரம்ஸைத் துரத்துகிறீர்கள், அதனால் மூச்சு வாங்குகிறது. விட்டுவிட்டு கீபோர்டைப் பிடியுங்கள்.

இன்னொன்றைத் தொழில்காரனாகச் சொல்கிறேன். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறது. பக்கத்தில் நின்றால் காதைக் கிழிக்கும். குழாய் ஸ்பீக்கருக்கு அடித்தொண்டை கிடையாது, நடு ஒலிதான் அதன் பிழைப்பு. அதே பாட்டை இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ராத்திரி, வயல் வரப்பில் நின்று கேளுங்கள். காற்று திரும்பும்போது போகும், வரும். வார்த்தை புரியாது, ஆனால் என்னவோ செய்யும். ராத்திரியில் தரை குளிர்ந்து மேலே காற்று சூடாக இருந்தால் சத்தம் மேலே போகாமல் வளைந்து தரைக்கே இறங்கும், அதனால் அத்தனை தூரம் வருகிறது. நான் கட்டிய செட்டையே அப்படி நின்று கேட்டு, யார் கட்டியது இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று நினைத்ததுண்டு.

இந்த ஆல்பம் அந்த வரப்பில் நின்று கேட்கிற சத்தம். பாடகர் அலறுவது உங்கள் காதருகே இல்லை, ஒரு பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம். பக்கத்தில் இருப்பதாக நினைத்துக் கேட்டால் இரைச்சல்தான்.

அப்படியானால் வேண்டுமென்றே மோசமாகப் பதிவு செய்கிறார்களா? (ஒலிப்பதிவு கற்கும் மாணவி, லாஸ்பேட்டை)

சிலர் வேண்டுமென்றேதான். டார்க்த்ரோன் 1994ல் வெளியிட்ட 'ட்ரான்சில்வேனியன் ஹங்கர்' வீட்டில் நான்கு டிராக் டேப் மெஷினில் பதிவானது. பர்சம் என்பது விகர்னஸ் என்பவர் தனி ஆளாக நடத்திய குழு. அதன் 'ஃபிலோசஃபெம்' ஆல்பத்தில் கிட்டாரை சாதாரண வீட்டு ஸ்டீரியோ ஆம்ப் வழியாக விட்டு, குரலை ஹெட்செட் மைக்கில் பிடித்தார்.

எம்பரர் அந்த ரகம் இல்லை. பெர்கன் நகரத்தில் கிரிக்ஹாலன் என்று ஒரு பெரிய இசை அரங்கம் உண்டு, சிம்பொனி வாசிக்கிற இடம். பிட்டன் என்ற ஒலிப்பதிவாளரோடு அங்கே பதிவு செய்தார்கள். மேஹெம், இம்மார்ட்டல் ஆல்பங்களும் அவர் கை பட்டவைதான். ஸ்நேர் அடித்தவுடன் சத்தம் எவ்வளவு தூரம் போய்த் திரும்புகிறது என்று கவனியுங்கள். கிட்டார் மங்கலாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த மங்கலுக்கு ஆழம் இருக்கிறது. இந்த வித்தியாசம் உங்கள் படிப்புக்கு உதவும்.

எந்த ஸ்பீக்கரில் கேட்பது?

பேஸ் பூஸ்டை அணையுங்கள், அது போதும். சப்வூஃபர் வைத்த காரில் கேட்டுவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

நான் சம்பா கோயில் என்கிற மாதா தேவாலயத்துக்குப் போகிறவள். மகன் இதைக் கேட்கிறான். இவர்கள் தேவாலயத்தை எரித்தவர்கள், கொலை செய்தவர்கள் என்று படித்தேன். உண்மையா? (புதுச்சேரி அம்மா ஒருவர்)

உண்மைதான் அம்மா. உங்களிடம் மழுப்பக்கூடாது.

1992 ஜூன் 6 அன்று பெர்கன் அருகே ஃபான்டாஃப்ட் என்ற பழைய மரத் தேவாலயம் எரிந்தது. தொடர்ந்து இன்னும் பல எரிந்தன. அடுத்த ஆண்டு பர்சமின் விகர்னஸ், மேஹெமின் கிட்டாரிஸ்ட் யூரோனிமஸைக் கொன்றார். நான் கொண்டாடுகிற இந்த ஆல்பத்தில் வாசித்தவர்களுக்கும் இப்படிப்பட்ட குற்றங்களில் பங்கு உண்டு. இதில் டிரம்ஸ் அடித்த ஃபாஸ்ட், 1992ல் லில்லஹாமரில் முன்பின் தெரியாத ஒருவரைக் கத்தியால் குத்திக் கொன்றவர். இறந்தவர் ஒருபால் ஈர்ப்பாளர். 1994ல் ஃபாஸ்டுக்கு 14 ஆண்டு தண்டனை. கிட்டாரிஸ்ட் சமோத் தேவாலயம் எரித்த வழக்கில் சிறை சென்றவர். பதிவு நடந்தது கொலைக்குப் பிறகு, கைதுக்கு முன்.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மாடியில் கேட்ட அன்று பெயர்கள்கூடத் தெரியாது. தெரிந்த பிறகு ஆறேழு மாதம் தொடவில்லை, அப்புறம் மறுபடி கேட்டேன். பாட்டை விடவும் முடியவில்லை, பாட்டுக்காக அவர்களை மன்னிக்கவும் மனம் வரவில்லை. சில நாள், டிரம்ஸ் தொடங்கும்போதே அந்தக் கை நினைவுக்கு வரும். அன்றைக்கு நிறுத்திவிடுவேன். விகர்னஸ் இன்றும் இனவெறி பேசுகிறவர், அவருக்கு என் காசு போகக்கூடாது என்று வைத்திருக்கிறேன்.

மகனிடமிருந்து பிடுங்காதீர்கள். இந்தக் கதை தெரியுமா என்று மட்டும் கேளுங்கள். தெரியும் என்றால் பேசுங்கள். தெரியாது என்றால் அவசியம் பேசுங்கள்.

விபூதி பூசிக்கொண்டு சாத்தான் பாட்டுக் கேட்கிறீர்களே, உறுத்தவில்லையா? (திருப்பாதிரிப்புலியூர் அன்பர்)

கடைசிப் பாட்டின் தலைப்பே சாத்தானுக்குத் துதி என்றுதான் பொருள்படும், மறைக்கவில்லை. மற்றபடி பெரும்பாலும் இரவு, காடு, மலை, நட்சத்திரம்தான். சாத்தான் அவர்கள் ஊர்ச் சண்டை. எனக்கு அந்தச் சண்டையில் வாய்தா இல்லை. பேயுருவை வேண்டிப் பெற்று, சுடுகாட்டில் ஆடுகிற இறைவனைப் பாடிய அம்மையார் நம் காரைக்காலில் பிறந்தவர். இருட்டிலும் பிணக்காட்டிலும் சாமியைப் பார்ப்பது நமக்குப் புதிதா என்ன?

இந்தக் குழுக்காரர்கள் முகத்தில் வெள்ளையும் கறுப்பும் பூசுவது ஏன்? (ஏழாம் வகுப்பு, பெயர் போட வேண்டாம் என்கிறார்)

பிணம்போலத் தெரிவதற்கு. மேஹெமின் பழைய பாடகர் ஒருவர், உடுப்பை மண்ணில் புதைத்து வைத்து எடுத்துப் போட்டுக்கொள்வாராம். மாசியில் சிவராத்திரிக்கு மறுநாள் மேல்மலையனூர் மயானக் கொள்ளைக்கு உன் தாத்தாவோடு போய்ப் பார். காளி வேஷம் கட்டியவர் எதிரில் வந்தால், நார்வேக்காரர் உனக்குச் சாதுவாகத் தெரிவார்.

பனியையே பார்க்காத நமக்கு இந்தப் பாட்டு எப்படிப் புரியும்? (முத்தியால்பேட்டைத் தோழர்)

எனக்கும் பனி தெரியாது. மார்கழியில் 20 டிகிரிக்கு இறங்கினாலே குல்லா தேடுகிற ஆள் நான். ஆனால் ஊர் திடீரென்று மனிதருக்கானதாக இல்லாமல் போவது எப்படி இருக்கும் என்று தெரியும். பண்ருட்டியில் தாத்தா நட்ட பலாவும் முந்திரியும் ஒரே ராத்திரியில் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கும் தெரியும். அவர்களுக்கு அது பனியாக வருகிறது, நமக்குக் கடலிலிருந்து வருகிறது.

தமிழர்கள் யாராவது இந்த வழியில் வாசிக்கிறார்களா?

சிங்கப்பூரின் ருத்ரா குழுவைக் கேளுங்கள். 1992ல் தொடங்கியது, நம் வம்சாவளிப் பையன்கள். வேத மந்திரத்தையும் வேதாந்தத்தையும் பிளாக் மெட்டலோடும், அதன் உறவான டெத் மெட்டலோடும் சேர்த்தவர்கள். 2005ல் வந்த 'பிரம்மவித்யா' நல்ல தொடக்கம். ஒரே குறை, சமஸ்கிருதமும் ஆங்கிலமுமாகப் பாடுகிறார்கள். தமிழில் இந்த அலறல் வரவேண்டும். நம் ழகரத்தை அந்தத் தொண்டையில் எப்படிக் கொண்டுவருவார்கள் என்று கேட்க எனக்கு ஆசை.

பிடித்திருக்கிறது, அடுத்து என்ன?

பாத்தரியின் 'ஹாமர்ஹார்ட்', 1990. நிதானமானது, பழக எளிது. அப்புறம் நார்வேயின் உல்வர் குழு போட்ட 'பெர்க்டாட்', 1995. நடுவில் சாதாரண கிட்டாரும் புல்லாங்குழலும் வரும், வீட்டில் திட்டு குறையும். பனிதான் வேண்டும் என்றால் இம்மார்ட்டல்.

அண்ணே, அந்த மாடி அனுபவம் மறுபடி வந்ததா? (மறுபடியும் முதுநகர் தம்பி)

முயற்சி செய்தேன். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை. எங்கள் பக்கமும் கரண்ட் போனது. பதின்மூன்று வருடம் கழித்து அதே காற்று, அதே இருட்டு, போதாததற்கு நல்ல ஹெட்போன். முன்கூட்டியே சார்ஜும் போட்டு வைத்திருந்தேன். முதல் பாட்டு தொடங்கி, அந்தத் தூரம் திறக்கப்போகிறது என்கிற இடத்தில் வீட்டுக்காரி முதுகில் தட்டினாள். குடோனுக்குள் தண்ணீர் வந்துவிட்டதாம். விடியும்வரை இரண்டு பேருமாக ஸ்பீக்கர் பெட்டிகளை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஹெட்போனை எங்கே கழற்றி வைத்தேன் என்று நினைவில்லை. மூன்று நாள் கழித்து ஒரு குழாய் ஸ்பீக்கருக்குள்ளிருந்து கிடைத்தது.